அடங்கலில் ஓர் ஊர், சிப்பிக் கணக்கில் ஒரு கரை

ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி எழுதிய பெரிய நூலைச் சென்னை மாகாண மீன்துறை 1914-இல் வெளியிட்டது. கில்பர்ட் ஸ்லேட்டர் பதிப்பித்த ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ 1918-இல் வந்தது. முதல் நூலில் தூத்துக்குடிக் கடலுக்குக் கணிசமான இடம் உண்டு. இரண்டாவதில் வரும் ஊர்களில் ஒன்று கங்கைகொண்டான். அன்றைக்கு இரண்டும் ஒரே திருநெல்வேலி மாவட்டம்; தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். நடுவே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. கங்கைகொண்டானை ஒட்டி ஓடும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. இவ்வளவு பக்கத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடந்த வேலைகள் இவை. ஆனால் இன்றைக்கு உட்கார்ந்து படித்தால், கங்கைகொண்டான் குடும்பங்கள் அன்று என்ன விதைத்தன, என்ன கூலி வாங்கின, யாரிடம் கடன்பட்டன என்று ஓரளவு சொல்லிவிடலாம். தூத்துக்குடியில் சங்கு குளித்தவர் சங்கு இல்லாத மாதங்களில் எப்படிக் காலம் தள்ளினார் என்பதற்குப் பதில் கிடைப்பது கஷ்டம்.

ஹார்னெல் கடல் உயிரியல்காரர். 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மனோடு இலங்கையின் முத்துப்பார்களை (சிப்பி படியும் கடலடித் திட்டுகளை) ஆராய வந்தவர், 1905-இல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றிச் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பின்னாளில் மாகாண மீன்துறைக்கே இயக்குநரானார். ஸ்லேட்டர் பொருளியல்காரர். தொழிலாளர்கள் படிப்பதற்கென்று ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்துவிட்டு, 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இந்தியப் பொருளியலைக் கிராமத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கட்சி. மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது அவரவர் ஊரைப் பற்றி எழுதி வரச் சொன்னார். நிலம் எவ்வளவு, யாருக்குச் சொந்தம், என்ன பயிர், எத்தனை மாடு, கூலி நெல்லாகவா காசாகவா, என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை வீடு ஓடு, எத்தனை வீடு கூரை என்று கேள்விகள் போயின. அரசாங்கம் கேட்காத கேள்விகளையும் சேர்த்துக் கேட்ட தாள் அது.

ஹார்னெலை அரசாங்கம் கூப்பிட்டதே முத்துக்கும் சங்குக்கும்தான். மனிதர் மேல் அக்கறையில்லாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கு, மரத்தையும் கயிற்றையும் இந்த மனுஷன் எவ்வளவு பிரியத்தோடு பார்த்திருக்கிறார் என்பது தெரியும். ஆனால் அவருக்கு முன்னால் வைத்த கேள்வி, பாரில் சிப்பி எவ்வளவு, எப்போது எடுக்கலாம், வருமானம் ஏன் விழுகிறது என்பது. குளிப்பவர் இந்தக் கேள்விக்குள் கருவியாக வருகிறார்: இத்தனை படகு, இத்தனை பேர், ஆளுக்கு இத்தனை சிப்பி.

அவருக்கு முந்தைய எட்கர் தர்ஸ்டனிடமும் இதையே பார்க்கலாம். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1894-இல் எழுதியதே அருங்காட்சியகத்தின் புல்லட்டின் வரிசையில் முதலாவது. 1889-இல் தூத்துக்குடியில் நடந்த சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அதில் வருகிறது. கரைக்கு வந்த சிப்பியைக் குவியல் குவியலாகப் பிரித்து, இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலத்தில் எடுத்தவர்கள் சிப்பியை அடைப்புக்குள் போட்டு அழுகவிடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்தபின் அலசி, அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றத்தில் நின்று அலசிய கூலிக்காரர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன கிடைத்தது? கணக்கில் அவர்கள் இல்லை. ஏலம் முடிந்தவுடன் அரசாங்கத்தின் அக்கறையும் முடிந்துபோகிறது. காலரா வந்தால் மட்டும் ஆட்களின் உடம்பு கோப்புக்குள் வரும். முகாம் கலைந்தால் சலாபம் நின்றுவிடுமே! இதே தர்ஸ்டன்தான் பின்னாளில் மாகாணம் முழுக்கச் சாதி சாதியாக மூக்கையும் தலையையும் அளந்து, 1909-இல் ஏழு தொகுதி போட்டார். மூக்கின் அகலம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வீட்டுச் செலவு தேவைப்படவில்லை.

இந்தப் பழக்கம் வெள்ளைக்காரர் ஆட்சியோடு தொடங்கியதும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கடலைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோவும் பங்குக் கணக்கைத்தான் தந்தார்: அரசனுக்குப் பத்தில் ஒன்று, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டிவைப்பவருக்கு இருபதில் ஒன்று. பிற்காலக் குறிப்புகளில் இந்த மந்திரக்காரர் சுறா வாயைக் கட்டும் ஆளாக வருகிறார். பரதவர்களின் சாதித்தலைவருக்குப் போகவேண்டிய சிப்பியும் வருகிறது. யார் யாருக்கு எவ்வளவு போனது என்று எழுநூறு வருடத்துக் கணக்கு கையில் இருக்கிறது. போனதெல்லாம் போக மிச்சத்தில் குளித்தவர் வீடு எப்படி நடந்தது என்பதுதான் இல்லை.

இந்த வித்தியாசத்தை ஸ்லேட்டர் நல்லவர், ஹார்னெல் அரசாங்க ஆள் என்று முடித்துவிடலாம். எனக்கு அது போதாது. ஸ்லேட்டரின் மாணவர் ஊருக்குப் போய் இறங்கியபோது அங்கே ஏற்கெனவே ஒரு கணக்கு தயாராக இருந்தது. கர்ணத்திடம் அடங்கல் இருந்தது, சிட்டா இருந்தது. ஒவ்வொரு புல எண்ணிலும் யார் பெயர், என்ன பயிர், என்ன தீர்வை என்று வருடா வருடம் எழுதிக்கொண்டே வந்திருந்தார்கள். நிலவரி வாங்கத்தான் அந்தக் கணக்கு, சந்தேகமில்லை. ஆனால் நிலம் நகராது. அதனால் அதன் மேல் இருக்கிற ஆளும் ஏட்டில் அதே இடத்தில் நின்றார். மாணவர் அந்த முதுகெலும்பில் தன் கேள்விகளை ஒட்டவைத்தால் போதும். கடலுக்குப் புல எண் கிடையாது. ‘தொள்ளாயிரம் பார்’ என்ற முத்துப்பாரில் இன்று குளித்தவர் நாளை வேறு பாரில் குளிப்பார். சிப்பி இல்லாத வருடம் எந்தப் பாரிலும் குளிக்க மாட்டார். சங்குக் கணக்கில், ஒப்படைத்த சங்குக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று காசு எழுதியிருக்கும். அளவு போதாத சங்கைத் திரும்பக் கடலிலேயே விடவேண்டும் என்று விதி இருந்தது. சங்கு வளர்ந்து திரும்பி வரும் என்று அரசாங்கம் காத்திருந்தது. குளிப்பவரைப் பற்றி அப்படி ஓர் ஏடும் வைக்கவில்லை.

ஸ்லேட்டர் முறையின் மிகப் பெரிய பலன் அவரே எதிர்பார்க்காத ஒன்று என்று நினைக்கிறேன். பின்னால் வந்தவர்கள் அதே ஊருக்குத் திரும்பப் போக முடிந்தது. பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930-களில் மறு ஆய்வு செய்து 1940-இல் நூலாக்கினார்கள். 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் ஸ்லேட்டரின் ஊர்களைத் தேடி வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். குகன் முனைந்து எடுத்த வரிசையில், கங்கைகொண்டானை வெ. பா. ஆத்ரேயா 1916-லிருந்து 1984 வரை வைத்துப் பார்த்து எழுதினார். மாற்றம், மாறாமை இரண்டையும் தலைப்பிலேயே போட்டிருந்தார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு இன்னும் நீண்ட ஆயுள்: ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் 2008 வரை கொண்டுவந்தார்கள். ஒரே பண்ணைக் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊரில், பயிரை நம்பிப் பிழைப்பது குறைந்து, தலித் குடும்பங்கள் அந்தப் பிடியிலிருந்து மெல்ல விலகியதை அதில் படிக்கலாம். ஒரு தடவை எண்ணிவிட்டுப் போகிற ஆய்வில் இது தெரியாது.

முத்துக்கடலுக்கும் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1926 முதல் 1928 வரை சலாபம் நடந்தது. பிறகு 1955-லிருந்து 1961 வரை தொடர்ச்சியாக நடந்தது, அதோடு சரி. ஒவ்வொரு தடவையும் சிப்பி வந்தால் ஆட்கள் ஏட்டில் ஏறினார்கள், சிப்பி போனால் ஏட்டிலிருந்தும் போனார்கள். 1973-இல் கே. அழகர்சுவாமி வேப்பலோடையில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியபோது முத்துக்குச் சலாபமே வேண்டாம் என்றானது. விஞ்ஞானத்துக்கு அது பெரிய நாள். முன்பு குளித்தவர்கள் அந்தப் பன்னிரண்டு வருடம் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. அடுத்த வருடம், 1974 ஜூலையில், தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கரையின் பிழைப்பே புரண்டுகொண்டிருந்த அந்தக் காலத்தில் கங்கைகொண்டானில் செய்த மாதிரி ஒரு கடலோர ஊரைப் பிடித்துக் கேட்டு எழுதியிருந்தால் இன்று எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

ஸ்லேட்டர் பக்கமும் குறை சொல்ல நிறைய இருக்கிறது. 1916-இல் கல்லூரி வரை போனவர்கள் ஊரில் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதை விளக்க வேண்டியதில்லை. சேரியைப் பற்றி அவர்கள் எழுதியது, பெரும்பாலும் சேரிக்கு வெளியே நின்று எழுதியது. கூலி கொடுத்த வீட்டுப் பையன் கூலி எவ்வளவு என்று எழுதும்போது, வாங்கியவரிடம் கேட்டானா, தன் அப்பாவிடம் கேட்டானா? சலாபத்துக் கணக்கிலாவது குளித்தவர் பங்கு நேரடியாக நிற்கிறது, ஒரு பங்கு என்றால் ஒரு பங்கு. கிராமத்துக் கணக்கில் ‘இவ்வளவு படி நெல்’ என்பதற்குள் மரக்காலின் அளவே ஆளுக்கு ஆள் மாறிய கதை ஒளிந்திருக்கலாம்.

மனிதரை எண்ணும் வேலை கடலோரத்தில் தேச அளவில் நடந்தது 1980-இல். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அப்போது எடுத்த கணக்கெடுப்பை 2005, 2010, 2016 ஆண்டுகளில் திரும்பச் செய்தது. 2010 கணக்குப்படி தமிழ்நாட்டில் 573 மீனவக் கிராமங்கள், 1,92,697 குடும்பங்கள், 8,02,912 பேர். ஹார்னெல் காலத்தோடு ஒப்பிட்டால் தலைகீழ் மாற்றம்தான். பெண்கள் வந்துவிட்டார்கள். மீன் விற்பவர், வலை பின்னுபவர், கருவாடு போடுபவர், இறால் உரிப்பவர், சுமை கூலி என்று தனித்தனிக் கட்டங்கள். படிப்பு, படகு, வலை, சங்க உறுப்பினரா இல்லையா என்பதெல்லாம் கேட்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ இதற்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. 1961-இல் தொழிலுக்கு ஒன்பது வகை வைத்து, மீன்பிடிப்பைச் சுரங்கம், கால்நடை, காடு ஆகியவற்றோடு ஒரே வகையில் போட்டிருந்தார்கள். 2011-இல் வகை நான்காகிவிட்டது. விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவர். கங்கைகொண்டான்காரருக்கு அதில் இரண்டு கட்டம் காத்திருக்கிறது. சங்கு குளிப்பவர், உப்பு வாருபவர், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர், தோணிக்காரர், வங்கி மேலாளர் எல்லோரும் ‘மற்றவர்’. நிலத்தை நடுவில் வைத்து உலகத்தைப் பார்க்கும் பார்வை அடங்கலோடு போய்விடவில்லை.

மீன் கணக்கெடுப்பின் தாளும் கரையில் சிக்கும் இடங்கள் உண்டு. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு வாசலில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளலாம். கணக்கெடுக்க வந்த பையன், “அண்ணாச்சி என்ன வேலைக்குப் போறாங்க அக்கா?” என்கிறான். “சங்குக்குப் போவாவ. இப்பம் காத்து, கடலுக்குப் போவல. லோடு ஏத்தப் போயிருக்காவ.” “அப்ப முக்கியமான தொழில்னு எத எழுத?” “எது கெடைக்கோ அதத்தான் தம்பி பாப்பாவ. நீங்க எது வேணுமோ அத எழுதிக்கிடுங்க.” “மாசம் எவ்வளவு வரும்?” “மாசத்துக்கு என்ன கணக்கு? கெடச்சா பங்கு, கெடைக்கலன்னா பேட்டா. அதுலயும் முன்பணத்துக்குக் கழிச்சிருவாவ.” பையன் தாளைப் பார்க்கிறான். முழுநேரம், பகுதிநேரம் என்று கட்டங்கள். எதில் ‘டிக்’ போட்டாலும் பாதி பொய்.

வருமானக் கேள்வி கங்கைகொண்டானில் ஏன் எளிது, இங்கே ஏன் கஷ்டம் என்பது பங்கைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். படகு பிடித்து வந்தது ஏலம் போனதும் ஏலக்காரர் கமிஷன் முதலில் போகும். பிறகு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு. மிஞ்சியதில் படகுக்காரருக்கு ஒரு பகுதி. அவரேதான் பெரும்பாலும் முன்பணம் கொடுத்தவரும். கடைசியில்தான் ஆட்களின் பங்கு. மீன் நிறைய விழுந்து விலை சரிந்த நாளில் கையில் கிடைப்பது, கொஞ்சமாக விழுந்து நல்ல விலை போன நாளைவிடக் குறையலாம். நெல் அறுத்தவருக்கு நாள் கூலி உண்டு; அதை மாதத்தால் பெருக்கலாம். பங்கை எதால் பெருக்குவது? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம் வேறு. அப்போது போய், போன வாரம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால் கரையே வேலையில்லாத கரையாகிவிடும்.

இதற்கு வேறு வழி தெரியாமல் இல்லை. 1998-99-இல் ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடந்தது; தமிழ்நாடும் அதில் ஒன்று. என்ன தொழில் என்று கேட்காமல், நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்காகக் கேட்டார்கள். தண்ணீர் பிடித்தது, வலை தைத்தது, கருவாடு புரட்டியது எல்லாம் அதில் வந்துவிடும். சங்கு, தடைக்காலம் என்று வருடத்துக்குள்ளேயே தொழில் மாறும் ஊருக்கு இதை நாலு பருவத்திலும் கேட்டால் போதும். மீனவக் கணக்கெடுப்பு இந்த வழிக்கு இன்னும் வரவில்லை.

நிலத்துக்கும் சேராமல் கடலுக்கும் சேராமல் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது: உப்பளத்துக்காரர்கள். பாத்தியில் கடல்நீர் நிற்கிறது, அதனால் அது கடல் வேலை என்று சொல்லலாம். மீனவக் கணக்கில் இடமில்லை. அளம் நிலத்தில் இருக்கிறது. ஆனால் அடங்கலில் அளத்து முதலாளியின் பெயர்தான் இருக்கும். ஐப்பசி மழை வந்தால் மூன்று மாதம் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தபோதுதான், உப்பளத் தொழிலாளி என்றால் யார் யார் என்று பட்டியல் போடவேண்டிய அவசியம் அரசாங்கத்துக்கு வந்தது. முத்துக்கு ஏலம் இருந்ததால் குளிகாரர் ஏட்டில் ஏறினார். உப்புக்காரர் ஏற நிவாரணம் வேண்டியிருந்தது. இந்தப் பட்டியலுக்கெல்லாம் நாற்பது வருடத்துக்கு முன்பே அளத்துக்குப் போய்க் கேட்டு வந்தவர் ராஜம் கிருஷ்ணன். மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’, உப்பளத்தைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ என்று 1970-களின் கடைசியில் அவர் எழுதிய இரண்டு நாவல்களுக்குப் பின்னால் கள ஆய்வு இருக்கிறது. சதவீதம் கேட்டால் அவரிடம் கிடைக்காது. கங்காணிக்கும் கண்ட்ராக்டருக்கும் நடுவில் ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, என் அபிப்பிராயத்தில், அந்தத் தசாப்தத்தின் எந்த அட்டவணையைவிடவும் அவர் நூல் உதவும்.

இப்போது யாராவது கடலோரத்துக்கு ஒரு கங்கைகொண்டான் ஆய்வு செய்ய நினைத்தால் அடங்கலுக்குப் பதில் எதைப் பிடிப்பது? கோயில் பதிவேடுகள் இருக்கின்றன. 1530-களில் திருமுழுக்குப் பெற்ற கரை இது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குச் சாமியார்கள் எழுதிவைக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய சட்டம். பெயர், தாய் தகப்பன், ஞானப் பெற்றோர், தேதி. புல எண் இல்லாத கரையில் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர இதைவிட நல்ல ஏடு கிடையாது. மணப்பாடோ வேம்பாரோ ஓர் ஊரை எடுத்து, பதிவேட்டையும் பழைய சங்குக் கணக்கையும் மீனவக் கணக்கெடுப்பின் கிராம எண்ணையும் பக்கத்தில் வைத்து, மிச்சத்துக்கு வீடு வீடாகப் போய்க் கேட்கலாம். மூன்று வருட வேலை; ஒரு பல்கலைக்கழகத் துறை மனசு வைத்தால் முடியாத காரியம் இல்லை.

ஆனால் இதிலும் விடுபடுகிறவர்கள் உண்டு, அதைத் தொடங்கும்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கீழக்கரையிலிருந்து சலாபத்துக்கும் சங்குக்கும் வந்த முஸ்லிம் குளிகாரர்கள் இந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தகங்களைத் தேடிப் போகவேண்டும். கரிசல் காட்டிலிருந்து பிழைக்க வந்து உப்பளத்தில் நின்றுவிட்ட பெண்களின் பெயர் கோயில் ஏட்டில் இருக்காது. நிலம் இல்லாததால் சொந்த ஊர் அடங்கலிலும் இருந்திருக்காது. ஊரை விட்டுப் போனவர்கள் யார், எங்கே போனார்கள் என்ற கேள்வியை உள்நாட்டு ஊர்களின் மறு ஆய்வுகள் கேட்டிருக்கின்றன. அந்தப் பக்கங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு அளத்துக்குப் போனால், இவர்களில் சிலரையாவது கண்டுபிடிக்கலாம்.